ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

கட்டம் போட்ட ஒரு தாள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாக எண்கள் ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடித் துடிப்புக்கு ஒரு புள்ளி. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்குக் கீழ்நோக்கிய கூர்முனை, கீழ் எண்ணுக்கு மேல்நோக்கிய கூர்முனை. மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் ‘சார்ட்’ என்று சொல்லும் இந்தத் தாளை முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனைகளில் நிரப்பியிருக்கிறேன். அச்சடித்த தாள் தீர்ந்துபோன மாதங்களில் பழைய கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நிரப்பினேன்.

இந்தத் தாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படிக்க என்னை அனுப்பியது ஒரு சிஸ்டரின் கேள்வி.

1983. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு மாவட்ட மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன். நாற்பது வயதுப் பெண்; களையெடுத்துக் காய்த்துப்போன கைகள். இன்று தியேட்டரில் இருக்கும் திரை எதுவும் அன்று கிடையாது. இடது கை பாயில் மெஷினின் ரப்பர் பையை அமுக்கிக்கொண்டிருக்கும். வலது கை விரல் நோயாளியின் காதோர நாடியில் இருக்கும். நெஞ்சில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிய ஸ்டெத்தின் ஒரு முனை என் காதில். 11.20க்கு சர்ஜன் தலை நிமிராமல் சொன்னார்: “ரத்தம் கறுப்பா வருதேம்மா.”

மெஷினைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் ஓடும் கண்ணாடிக் குழாயில் மிதவை அடியில் கிடந்தது. பக்கத்துக் குழாயில் நைட்ரஸ் ஆக்ஸைடின் மிதவை மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. சிலிண்டர் காலி. ஆனால் பை முன்போலவே புசுபுசுவென்று நிரம்பிக்கொண்டிருந்தது. கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த சிலிண்டரைத் திறக்கும் சாவி மெஷினில் இல்லை, பக்கத்துத் தியேட்டருக்குப் போயிருந்தது. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பூ பை பிரசவ வார்டில். மூச்சுக்குழாயில் போட்டிருந்த டியூபை மெஷினிலிருந்து கழற்றி, அதில் என் வாயை வைத்து ஊதினேன். சாவி வந்து சிலிண்டரைத் திறந்தபோது மணி 11.23. ரத்தம் மறுபடி சிவந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

சார்ட்டில் 11.20க்கு ஒரு புள்ளி வைத்தேன், 11.25க்கு ஒரு புள்ளி. இரண்டையும் கோட்டால் சேர்த்தேன். அடியில், எல்லாரும் எழுதுகிற மாதிரி, ‘சிக்கல் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஞ்சுத் துணிகளை எண்ணிக்கொண்டிருந்த சிஸ்டர், ஓய்வுபெற ஒரு வருடமே பாக்கி இருந்தவர், தாளை எட்டிப் பார்த்தார். “அந்த மூணு நிமிஷத்தை எங்க எழுதினீங்க டாக்டரம்மா?”

குற்றம்சாட்டும் குரல் இல்லை. எண்ணிக்கையில் ஒரு துணி குறைந்தால் எந்தக் குரலில் கேட்பாரோ அதே குரல்.

அடித்துவிட்டு, நடந்ததை நேரத்தோடு எழுதினேன். மறுநாள் காலை தலைமை மருத்துவர் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாலைக்குள் ஒவ்வொரு மெஷினிலும் சாவியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் ‘நிறைந்தது’, ‘காலி’ என்று அட்டை தொங்கியது. நான் எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சங்கிலி வந்திருக்காது. அன்றிலிருந்து என் மனத்தில் இருக்கிற கேள்வி இதுதான்: தன் கையால் நடந்த தவறைத் தன் கையாலேயே எழுதும் வழக்கம் எங்கள் தொழிலுக்குள் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள்?

முதலில் எழுதியது மருத்துவர்கள் இல்லை, மரண விசாரணை மன்றம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து நோயாளியைத் தூங்கவைத்தார். மறு வருடம் நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபாமை அறிமுகப்படுத்தினார். நல்ல மணம், சில சொட்டுகள் போதும், நாலைந்து நிமிடத்தில் தூக்கம். அது வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலுக்குப் பக்கத்தில் வின்லேட்டன் என்ற ஊரில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் குளோரோஃபாமில் இறந்தாள். ஆபரேஷன், கால்விரல் நகத்தை எடுப்பது.

அந்த வீட்டுக் காட்சி விசாரணைப் பதிவில் அப்படியே இருக்கிறது. கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலி. பயந்து அழுத பெண். டாக்டர் மெக்கிசன் ஒரு துணியில் ஒரு தேக்கரண்டி குளோரோஃபாம் ஊற்றி மூக்கருகே பிடிக்கிறார். அரை நிமிடம் போல் ஆனதும் உதவியாளரிடம் ஆரம்பிக்கச் சொல்கிறார். கத்தி பட்டதும் உடம்பு ஒரு முறை உதறுகிறது. உதடும் முகமும் வெளுத்துப்போகின்றன. முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள், வாயில் பிராந்தி ஊற்றுகிறார்கள், தரையில் படுக்கவைத்து ரத்தக் குழாயைக் கீறிப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பின் மருத்துவ உலகில் பெரிய சண்டை. குளோரோஃபாம் கொல்லவில்லை, பிராந்தியும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் போனதால்தான் இறந்தாள் என்றார் சிம்ப்சன். துணியில் ஊற்றிக் கொடுத்தால் உள்ளே போகிற அளவை யாராலும் சொல்ல முடியாது, அளவு மீறியதுதான் காரணம் என்றார் லண்டனில் ஜான் ஸ்னோ. பம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்துக் காலராவின் வழியைக் காட்டினாரே, அதே ஸ்னோதான். பகலில் மயக்க மருந்து கொடுத்துப் பிழைத்தவர். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கும் குளோரோஃபாம் கொடுத்தவர். 1848 முதல் 1858இல் இறக்கும்வரை, எவருக்கு, என்ன ஆபரேஷனுக்கு, எப்படிக் கொடுத்தார் என்று நாட்குறிப்பு எழுதினார். ஊர் ஊராக நடந்த குளோரோஃபாம் மரணங்களைத் தேடி ஐம்பதைத் திரட்டி, ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டார். அவற்றைத் தொகுத்த புத்தகத்தை முடிக்கும் தறுவாயில் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்; இறந்தபின்தான் அது அச்சில் வந்தது. இன்று நாங்கள் சிக்கல்களைத் தொகுப்பதற்கு முன்னோடி அந்த ஐம்பது மரணங்களின் தொகுப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே சண்டையின் ஒரு சுற்று நமக்குப் பக்கத்திலேயே, ஹைதராபாத்தில், நடந்தது. அங்கே ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவின் ஜேம்ஸ் சைமிடம் படித்தவர். குளோரோஃபாம் கொடுக்கும்போது மூச்சை மட்டும் பார், நாடியைத் தொடாதே என்பது சைமின் பாடம். நாடியைப் பிடித்தால் கவனம் சிதறும், மூச்சுதான் முதலில் நிற்கும், அதைக் காத்தால் இதயம் தானே பிழைக்கும் என்று லாரி உறுதியாக நம்பினார். 1888இல் நாய்களை வைத்துச் சோதித்து அதையே முடிவாக அறிவித்தார். லண்டனின் ‘லான்செட்’ இதழ் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான், அந்த இதழ் தன் ஆளை அனுப்பிப் பார்க்கட்டும் என்று 1000 பவுண்டு கொடுத்தார். 1889இல் இதழின் சார்பில் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். 1888இன் சோதனையை அடுத்து அமைந்த இரண்டாவது ஹைதராபாத் குளோரோஃபாம் கமிஷன் நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்தது. சந்தேகத்தோடு வந்த பிரண்டனும் லாரியின் பக்கம் சாய்ந்தார்.

அந்தக் கமிஷன் உழைப்புக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் விலங்குகளுக்கு அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் மூச்சுதான் முதலில் நிற்கும். ஆழ்ந்த மயக்கத்தில் வரும் சாவு அது. அரை மயக்கத்தில், பயந்து நடுங்கும் உடம்பில் நடப்பது வேறு. அதை 1911இல் லண்டனில் குட்மேன் லெவி பூனைகளில் காட்டினார். லேசான குளோரோஃபாமோடு அட்ரினலின் சேர்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து ஒரே நொடியில் நிற்கிறது. கத்தி பட்டதும் உதறி வெளுத்த ஹன்னாவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது பின்னால் வந்தவர்கள் பலரின் எண்ணம். நாடியைத் தொடாதே என்று மாணவர்களுக்குச் சொன்ன பள்ளியில், நாடிக்கு என்ன ஆனது என்று எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கட்டம் போட்ட தாளின் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது. பார்க்க மறுத்தது எழுத்தில் வராது. எழுத்தில் வராததை அடுத்த தலைமுறை இல்லை என்றே நினைத்துக்கொள்ளும்.

அந்தத் தாளை உண்டாக்கியவர்கள் இரண்டு மாணவர்கள். பாஸ்டனில், ஈதர் பிறந்த அதே மருத்துவமனையில், 1890களில் மயக்க மருந்து கொடுக்கும் வேலை மருத்துவ மாணவர்களுடையது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஹார்வி குஷிங் ஆபரேஷன் அரங்கில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர். கீழே கூப்பிட்டு, பக்கத்து அறையில் படுத்திருந்த ஒருவரைத் தூங்கவைக்கச் சொன்னார்கள். குடல் இறக்கம் நெரித்து இரவெல்லாம் வாந்தியெடுத்தவர் அவர். நாடி எப்படி இருந்தது என்றுகூட குஷிங்குக்குத் தெரியாது. ஈதர் கொடுத்தார், உள்ளே கொண்டுபோன பிறகு வயிற்றிலிருந்ததெல்லாம் மேலே வந்து மூச்சில் இறங்கி அந்த மனிதர் இறந்தார். இதெல்லாம் சகஜம், மறந்துவிடு என்று சொன்னார்கள். அன்று பிற்பகல் முழுதும் தெருத்தெருவாக நடந்து, படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாகப் பல வருடம் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார்.

அவருடைய வகுப்புத் தோழர் எர்னஸ்ட் ஏமரி காட்மன். யார் நன்றாக மயக்கம் கொடுக்கிறார் என்று இருவரும் ஒரு இரவுச் சாப்பாட்டுக்குப் பந்தயம் கட்டினார்கள். வாந்தியெடுக்காமல், பேச்சுக்குப் பதில் சொல்கிற நிலையில் நோயாளி வார்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் வெற்றி. பந்தயம் என்றால் கணக்கு வேண்டுமே. 1894, 1895 வருடங்களில் ‘ஈதர் சார்ட்’ என்று ஒரு தாளில் நாடியையும் மூச்சையும் நிமிடக் கணக்கில் குறிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தாள்களில் சில இன்னும் இருக்கின்றன. அச்சுப் படமாகத்தான் பார்த்தேன். மேடும் பள்ளமுமாகப் போகும் புள்ளிகள். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. என் ஆசிரியர் ஒருவர், “சார்ட் ரயில் தண்டவாளம் மாதிரி நேரா இருந்தா அதை நம்பாதேம்மா” என்பார். அந்த மாணவர்களின் சார்ட் எதுவும் தண்டவாளம்போல இல்லை.

1901இல் குஷிங் இத்தாலியின் பாவியா நகரத்து மருத்துவமனையில் ரீவா-ரோச்சி கண்டுபிடித்த ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்து, ஒன்றைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சார்ட்டில் அழுத்தமும் ஏறியது. பாஸ்டனில் ஒரு குழு அந்தக் கருவியை ஆராய்ந்து, பழகிய விரல் கொடுக்கும் தகவல் இதைவிட மேல் என்று முடிவு சொன்னது. விரல் பழகியிருந்தாலும் நேற்றைய எண்ணை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. கருவி வென்றது.

குஷிங் மூளை அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். என் மனம் காட்மனிடம்தான் போகிறது. சார்ட்டில் தொடங்கிய பழக்கத்தை அவர் முழு மருத்துவமனைக்கும் விரித்தார்: ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார், நன்றாக இல்லையென்றால் யார் தவறு, ஏன். மருத்துவமனை ஏற்கவில்லை. 1914இல் அங்கிருந்து விலகினார். 1915இல் ஒரு கூட்டத்தில், உண்மையைப் பார்க்காமல் மணலில் தலை புதைத்துப் மருத்துவர்களுக்குப் பொன் முட்டையிடும் தீக்கோழியாக பாஸ்டனின் வசதியான மக்களைக் கேலிச்சித்திரம் போட்டுக் காட்டினார். நண்பர்கள் பலரை இழந்தார். சொந்தமாக நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 நோயாளிகளின் கணக்கைத் தானே அச்சடித்தார். அதில் 123 தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார், தன்னுடையவற்றையும் சேர்த்து. அந்தச் சிறு புத்தகத்தை நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். 1940இல் இறந்தவரின் சமாதிக்கு 2014இல்தான் கல் வைத்தார்கள்.

தன் பேரைப் போட்டுத் தவறை எழுதியவருக்குக் கிடைத்தது இதுதான். இதைப் பார்த்த பிறகு யார் எழுதுவார்கள்?

எண்ணிக்கை மட்டும் தொடர்ந்தது. 1954இல் பீச்சரும் டாடும் அமெரிக்காவின் பத்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஐந்து வருடத்தில் கொடுத்த 5,99,548 மயக்க மருந்துகளைக் கணக்கெடுத்து, 1,560 பேருக்கு ஒருவர் மயக்க மருந்தால் இறக்கிறார் என்றார்கள். தசையைத் தளர்த்தும் குராரே வகை மருந்து போட்டவர்களிடம் சாவு பல மடங்கு. பெரிய வேலைதான். ஆனால் செத்தவர்களைத்தான் அது எண்ணியது. என் 11.20 மாதிரி, சாகாமல் தப்பியவை எந்தக் கணக்கிலும் இல்லை.

அவற்றை வெளியே கொண்டுவந்தவர் மருத்துவரே இல்லை. ஜெஃப்ரி கூப்பர், அதே மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளிடம் கேட்டுக் கேட்டு ஆபத்துகளைத் தொகுத்த ஜான் ஃபிளானகனின் முறையை எடுத்துக்கொண்டார். மயக்க மருந்து கொடுப்பவர்களை உட்காரவைத்து, நீங்களோ மற்றவர்களோ செய்த, விபத்தாகியிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். பேர் வெளியே வராது என்று உறுதி கொடுத்தார். 47 பேட்டிகளில் 359 சம்பவங்கள் வந்து விழுந்தன. 1978இல் வந்த அந்தக் கட்டுரையை நான் வாசித்தது 1986இல், மருத்துவக் கல்லூரி நூலகத்தில், மின்விசிறி ஓடாத ஒரு மத்தியானம். குழாய் கழன்றது. ஊசி மாறியது. வாயுவின் திருகை மாற்றித் திருப்பியது. கருவி கெட்டுப்போனது 14 விழுக்காடுதான். 82 விழுக்காட்டில் காரணம் மனிதக் கை. படித்துக்கொண்டே போகும்போது என் தனிமை கரைந்தது. தூரதேசத்தில் யார் யாரோ என் மூன்று நிமிடத்தைப் போன்ற நிமிடங்களைச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தடுத்து எல்லாம் வேகமாக நடந்தன. 1982இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று மயக்க மருந்து மரணங்களைப் பற்றி நிகழ்ச்சி போட்டு மக்களை உலுக்கியது. 1985இல் மயக்க மருந்துப் பாதுகாப்புக்கென்றே எலிசன் பியர்ஸ் முன்னின்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1986இல் ஹார்வர்டு மருத்துவமனைகள் குறைந்தபட்ச விதிகளை வெளியிட்டன: மயக்க மருந்து கொடுப்பவர் அறையை விட்டுப் போகக் கூடாது, நாடியும் ரத்த அழுத்தமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பந்தயம் கட்டிய மாணவர்களின் கட்டம் தொண்ணூறு வருடத்தில் விதியாகிவிட்டது.

கறுத்த ரத்தத்தை சர்ஜன் சொல்லித் தெரிந்துகொள்ளும் காலம் முடிந்தது ஒரு ஜப்பானியரால். டோக்கியோவில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயாகி, சாயம் செலுத்தி, காது மடல் வழியே ஒளி பாய்ச்சி இதயத்தின் ரத்த ஓட்டத்தை அளக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டை அலைக்கழித்தது. அந்தத் தொல்லையை நீக்கப் போய், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை அந்தத் துடிப்பிலிருந்தே கணக்கிடலாம் என்று கண்டுகொண்டார். 1974இல் அறிவித்தார். எங்கள் தியேட்டருக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்தது 1990களில். ஆக்ஸிஜன் குறையக் குறைய அதன் ‘பீப்’ ஒலி சுருதி இறங்கும். மருந்து எடுக்கத் திரும்பி நின்றாலும் காதுக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் அந்த ஒலி இறங்கி ஏறியதைக் கேட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்; கண்ணீரை யாரும் பார்க்க வேண்டாம் என்று. 2020இல் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தார்களே, அதுதான். அந்த ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

கருவி வந்தது, எழுதும் பயம் போகவில்லை. எழுதினால் போலீஸ் வருமோ என்று நல்ல மருத்துவர்களே நடுங்கி நான் பார்த்திருக்கிறேன். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோயாளிக்கு மாட்டிய ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பதுதான் அதிலும் புகார். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்கும் என்று மன்றம் சொன்னது. தவறையும் குற்றத்தையும் பிரித்துக் காட்ட அது மேற்கோள் காட்டிய நூல்களில் ஒன்று ஆலன் மெரியும் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தும் எழுதியது. மெரி நியூசிலாந்தின் மயக்க மருந்து மருத்துவர். நோயாளியின் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பு எப்படி வலித்திருக்கும் என்பதையும் நினைக்கிறேன். சிலிண்டர் காலியானது ஏன் என்று யாராவது எழுதி வைத்தார்களா என்பதுதான் அவர்களுக்கும் எனக்கும் பொதுவான கேள்வி. பேரில்லாமல் எழுத இடம் கொடுத்தால் அதற்குப் பதில் வரும். கூப்பரின் 359இல் வந்தது. பேரோடு எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பின் மாதம் ஒரு முறை மேற்படிப்பு மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்கிறேன். காட்மன் காலத்து ஈதர் சார்ட்டின் படத்தைக் காட்டுவேன், பிறகு 11.20 கதையைச் சொல்வேன். போன ஆடியில் ஒரு பெண் கை தூக்கினாள்.

“மேடம், சார்ட்ல எழுதினீங்க. அந்தப் பேஷன்ட்கிட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. பத்தாம் நாள் தையல் பிரித்தபின், வாசலில் என்னைக் கண்டு நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் பஸ் பிடிக்கப் போனார்.